யாரை யார் எண்ணுவது? - ஆல்வா மிர்தாலும் ஆயுதக் கணக்கும்

சில வருசங்களுக்கு முன்னால், தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு உண்மை அறியும் குழுவோடு போயிருந்தேன். கோயில் கொடையில் தொடங்கிய தகராறு, சேரியில் வீடுகளை நொறுக்குவதில் முடிந்திருந்தது. வழக்கம்போல நோட்டை விரித்து எழுதினோம். எத்தனை வீடு, எத்தனை பேருக்குக் காயம், நம்ம பையன்கள் எத்தனை பேர் மேல எதிர்வழக்கு. எழுதி முடித்துக் கிளம்பும்போது அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, எங்க வீட்ல எத்தன அருவா, எத்தன வெட்டுக்கத்தின்னு போலீஸ்காரன் வீடு வீடா நொழஞ்சு எண்ணிட்டுப் போயிட்டான். கதிரறுக்குற பன்னருவாளக்கூட விடல. அவங்க வீட்டுத் துப்பாக்கிய யாருப்பா எண்ணுனது? அத எழுதுனீங்களா?"

எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று சொல்லி ஊர்த்தெருக்காரர்கள் சிலர் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கி வைத்திருப்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். எத்தனை துப்பாக்கி, யார் யாரிடம் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தகவல் அளிக்க இயலாது. யாருடைய பாதுகாப்பு என்று அதில் போட்டிருக்கவில்லை.

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான் ஆல்வா மிர்தாலைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பெயரைச் சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "என்னங்க, உலகத்துக்கே அல்வா குடுத்தவரா?" இல்லை. வல்லரசுகள் உலகத்துக்கு அல்வா கொடுத்துக்கொண்டிருந்ததைக் கணக்கோடு எடுத்துச் சொன்னவர். ஸ்வீடன் நாட்டவர். இந்தியாவில் ஆறு வருசம் தூதராக இருந்தவர். தூதர் வேலை முடிந்த பிறகு ஆயுதக் குறைப்பு ஆராய்ச்சிக்குப் போய், 1982இல் சமாதானத்துக்கான நோபல் பரிசை மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லெசோடு பகிர்ந்துகொண்டவர். அவருடைய கணவர் குன்னார் மிர்தாலை நம் வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கறுப்பர்களின் நிலையைச் 'சாதி' என்ற சொல்லால் விளக்கி 1944இல் பெரிய நூல் எழுதியவர்.

வெள்ளைக்காரச் சீமாட்டியின் வரலாறு தலித் இதழில் எதற்கு என்று கேட்கலாம். அந்த அம்மா கேட்ட கேள்வியை வேறொரு இடத்தில், வேறொரு அளவில், வாழ்நாளின் பின்பாதி முழுக்கக் கேட்டவர் ஆல்வா. ஆனால் வாழ்நாளின் முன்பாதியில் அந்தப் போலீஸ்காரன் செய்த வேலைக்குப் பக்கத்தில் ஒன்றையும் அவர் செய்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

*

ஆல்வா 1902 ஜனவரி 31இல் உப்சாலாவில் பிறந்தார். அப்பா கட்டடம் கட்டுபவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். எஸ்கில்ஸ்டூனா என்ற தொழில் நகரத்தில் குடும்பம் இருந்தபோது, அங்கிருந்த மேல்நிலைப் பள்ளி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் அந்தப் படிப்பு வேண்டும், அந்தப் படிப்பு பெண்ணுக்குக் கிடையாது. வணிகப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வரி அலுவலகத்தில் வேலைக்குப் போனார். பிறகு அப்பா பள்ளி நிர்வாகத்தோடு பேசி, பெண்களுக்கென்று தனி வகுப்பு ஏற்பாடு செய்தார். பள்ளிக்குள்ளே ஆண்கள் படித்ததைப் பள்ளிக்கு வெளியே தனிக் கட்டணம் கட்டிப் படித்தார்கள். 1924இல் ஸ்டாக்ஹோமில் பட்டம் வாங்கினார். அதே வருசம் குன்னாரைத் திருமணம் செய்துகொண்டார்.

படிப்பு மறுக்கப்படுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதை நம் அனுபவத்தோடு ஒன்றாக்கிப் பேசவும் நான் விரும்பவில்லை. அவருடைய அப்பாவால் பள்ளி நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச முடிந்தது. எங்க தாத்தாவால் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார முடியாது.

1934இல் ஆல்வாவும் குன்னாரும் சேர்ந்து மக்கள்தொகைப் பிரச்சினை பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஸ்வீடனில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டிருந்த காலம். ஏழைகள் பிள்ளை பெற அஞ்சுவதற்குக் காரணம் வறுமையும் நெருக்கடியான வீடும்தான், ஆகவே அரசு வீடு கட்டித் தரவேண்டும், தாய்க்கு உதவவேண்டும், பள்ளியில் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு போடவேண்டும் என்றது நூல். ஸ்வீடனின் மக்கள்நல அரசுக்கு அடித்தளமிட்ட நூல்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அது உண்மைதான்.

அதே நூலில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த வருசம்தான் ஸ்வீடன் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள், மனநோயாளிகள் ஆகியோருக்கு அவர்கள் சம்மதம் இல்லாமலேயே கருத்தடை செய்ய வழிசெய்த சட்டம். மிர்தால்களின் நூல் கருத்தடையை ஆதரித்தது. 1941இல் சட்டம் இன்னும் விரிவாக்கப்பட்டது. 1935 முதல் 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. பெரும்பாலானோர் பெண்கள். எல்லாரும் கட்டாயத்தில் செய்துகொண்டவர்கள் அல்லர். ஆனால் விடுதியிலிருந்து வெளியே விடவேண்டுமானால், கருக்கலைப்புக்கு அனுமதி வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்று சொல்லி வாங்கிய சம்மதங்கள் அதில் ஏராளம். 1997இல் மாசெய் சரெம்பா என்ற பத்திரிகையாளர் ஒரு ஸ்வீடிஷ் நாளிதழில் இதை விரிவாக எழுதியபிறகுதான் நாடே விழித்துக்கொண்டது. 1999இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 1,75,000 குரோனர் இழப்பீடு தரச் சட்டம் வந்தது.

மிர்தால்களை நாஜிகளோடு சேர்க்க முடியாது. நாஜிகளை எதிர்த்தவர்கள், உயர்ந்த இனம் தாழ்ந்த இனம் என்ற பேச்சை மறுத்தவர்கள் அவர்கள். ஆனால் யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று மேலே உட்கார்ந்து பட்டியல் போடும் உரிமை படித்தவர்களுக்கு உண்டு என்று நம்பினார்கள். பட்டியலில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் இந்தியாவில் ஆள் பிடித்துக் கருத்தடை செய்தபோது முதலில் சிக்கியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். மேலிருந்து கீழே எண்ணுகிறவன் நல்லவனாக இருந்தாலும், எண்ணப்படுகிறவன் அவனுக்கு வெறும் எண்தான்.

*

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆல்வா ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனார். 1949இல் அங்கே சமூகநலத் துறையின் தலைமைப் பொறுப்பு. அவ்வளவு உயர்ந்த பதவியில் அன்று அங்கே வேறு பெண் இல்லை. பிறகு பாரிசில் யுனெஸ்கோவின் சமூக அறிவியல் துறைக்குத் தலைவர். 1955இல் இந்தியாவுக்கான ஸ்வீடன் தூதராக டெல்லி வந்தார். பர்மாவும் இலங்கையும் அவர் பொறுப்பில் இருந்தன. 1961 வரை இருந்தார். நேருவோடு நல்ல நட்பு.

அந்த ஆறு வருசத்துக்குள்தான், 1956 அக்டோபர் 14இல், அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் டெல்லியில், தன் வீட்டில் இறந்தார். தூதரகங்கள் இருந்த அதே டெல்லி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயுதச் செலவை எண்ணிப் பார்ப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமல்ல. 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது, அக்டோபர் 10இல் வெளியிட்ட அறிக்கையில் அம்பேத்கர் ஒரு கணக்குச் சொல்கிறார். அரசுக்கு வருசத்துக்கு 350 கோடி ரூபாய் வருமானம், அதில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. வெளியுறவுக் கொள்கை சரியில்லாததன் விலை இது என்கிறார். அதே அறிக்கையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இந்த அரசு என்ன பாதுகாப்புக் கொடுத்தது என்றும் கேட்கிறார். அவர் விலகியதற்கு இந்துச் சட்டத் தொகுப்பைக் காரணமாகச் சொல்லும் நாம், இந்த இரண்டையும் ஒரே அறிக்கையில் வைத்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை. ராணுவத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியும் சேரிக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியும் அவருக்கு ஒரே பேச்சுதான்.

*

டெல்லியிலிருந்து திரும்பியபோது ஆல்வாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. நம்ம ஊரில் ஓய்வூதியத் தாளில் கையெழுத்துப் போடும் வயது. ஸ்வீடனின் வெளியுறவு அமைச்சர் ஊஸ்தென் உண்டேன், ஆயுதக் குறைப்பு விசயத்தைக் கவனியுங்கள் என்று அவரை அழைத்தார். குழந்தை வளர்ப்பு, பெண்கள் வேலை, கல்வி, சமூகநலம் என்று வேலை பார்த்து வந்தவர் அவர். ஏவுகணைக்கும் அவருக்கும் அதுவரை சம்பந்தம் கிடையாது. உட்கார்ந்து படித்தார்.

1962 மார்ச்சில் ஜெனீவாவில் பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழு கூடியது. அமெரிக்கா பக்கம் ஐந்து நாடு, சோவியத் பக்கம் ஐந்து நாடு. எந்தப் பக்கமும் சேராத எட்டு நாடுகள்: இந்தியா, பர்மா, எத்தியோப்பியா, நைஜீரியா, எகிப்து, மெக்சிகோ, பிரேசில், ஸ்வீடன். ஸ்வீடன் குழுவுக்கு ஆல்வா தலைமை. 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1967 முதல் ஆயுதக் குறைப்புக்கான அமைச்சராகவும் இருந்தார்.

அந்தக் கூட்டங்களில் பெரிய நாடுகள் ஆடிய ஆட்டம் இப்படி. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தலாமே என்று சின்ன நாடுகள் கேட்கும். நிறுத்தத் தயார், ஆனால் எதிராளி பூமிக்கடியில் ரகசியமாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்கா சொல்லும். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை வேண்டுமானால் வந்து பார் என்று சோவியத் சொல்லும். பத்தாது, ஏழு தடவை என்று இது சொல்லும். மாட்டுச் சந்தை பேரம் மாதிரி. கடைசியில் 1963 ஆகஸ்டில் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். பூமிக்கடியில் வெடிப்பதை விட்டுவிட்டார்கள்.

ஆல்வா கேட்டது எளிமையான கேள்வி. கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்களே, அது உண்மையா? பூமி அதிர்வைப் பதிகிற கருவி உலகம் முழுக்க இருக்கிறது. பூகம்பம் எது, வெடிப்பு எது என்று பிரித்தறிய முடியுமா என்று நிலநடுக்க விஞ்ஞானிகளைக் கேட்டார். நாடுகள் தங்கள் அதிர்வுப் பதிவுகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஸ்வீடன் யோசனை வைத்தது. ஹாக்ஃபோர்சில் ஸ்வீடன் தானே ஒரு நிலையம் அமைத்தது. 1968இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்து, பெரும்பாலான வெடிப்புகளைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். கண்டுபிடிக்க முடியாது என்பது சாக்கு என்று அம்பலமானது.

இதை நாமும் அனுபவத்தில் பார்த்தோம். 1998 மே 11இல் பொக்ரானில் குண்டு வெடித்தபோது, அரசு ஓர் அளவைச் சொன்னது. உலகத்தின் பல மூலைகளில் பதிவான அதிர்வை வைத்து, அவ்வளவு பெரிய வெடிப்பு இல்லை என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். மண்ணுக்கடியில் செய்தாலும் மண் சொல்லிவிடுகிறது.

*

ஸ்வீடன் எந்தப் போரிலும் இறங்காமல் நூற்றைம்பது வருசம் ஆனதை ஒட்டி, சமாதான ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வைக்கலாம் என்று 1964இல் பிரதமர் தாகே எர்லாண்டர் சொன்னார். அது எப்படி இருக்கவேண்டும் என்று திட்டமிட்ட குழுவுக்கு ஆல்வா தலைவர். 1966 ஜூலை 1இல் ஸ்டாக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனம் தொடங்கியது. சுருக்கமாகச் சிப்ரி. பணம் ஸ்வீடன் நாடாளுமன்றம் கொடுத்தது. ஆய்வாளர்கள் பல நாட்டவர். முதல் இயக்குநர் ராபர்ட் நீல்டு ஆங்கிலேயர். முதல் ஆண்டுநூல் 1969இல் வந்தது.

அந்த நிறுவனத்தின் வேலைமுறையில் ஒரு விதி முக்கியமானது. ரகசிய ஆவணம் எதையும் தொடுவதில்லை. எல்லாம் வெளியில் கிடைப்பதிலிருந்துதான். நாடாளுமன்றத்தில் வைத்த வரவு செலவுத் திட்டம், செய்தித்தாள், ராணுவப் பத்திரிகை, ஆயுதக் கம்பெனி விளம்பரம், ஒப்பந்தச் செய்தி. இவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒன்றை இன்னொன்றோடு ஒத்துப்பார்த்து, எந்த நாடு ஆயுதத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது, யார் யாருக்கு என்ன விற்கிறான் என்று ஆளுக்கொரு வரி போட்டு அச்சடித்தார்கள். கடையில் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். ஒற்றனுக்கு மட்டும் தெரிந்ததைப் பள்ளி வாத்தியாரும் தெரிந்துகொள்ளலாம் என்றானது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து நிலைமை தெரிய வேண்டும். 1969இல் ஹெல்சிங்கியில் அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைகளைக் கட்டுப்படுத்தப் பேச்சு தொடங்கின. அப்போது நடந்ததை அமெரிக்கத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் எழுதினார்கள். ஒகார்க்கோவ் என்ற சோவியத் படைத்தளபதி அமெரிக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் ஆயுத விவரங்களை எங்கள் தூதர்கள் முன்னால் பேசாதீர்கள், அவர்களுக்கு அதெல்லாம் தெரியவேண்டியதில்லை என்றாராம். எதிரிக்குத் தெரியலாம், சொந்த நாட்டுச் சட்டை போட்ட ஆளுக்குத் தெரியக்கூடாது. கருவறைக்குள் யார் போகலாம் என்ற சட்டம் சோசலிச நாட்டிலும் இருந்திருக்கிறது.

1976இல் ஆல்வா தன் பெரிய நூலை வெளியிட்டார். அதன் பெயரை 'ஆயுதக் குறைப்பு விளையாட்டு' என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவும் ரஷ்யாவும் எதிரிகள் போலப் பேசிக்கொண்டு, ஆயுதப் போட்டியைக் கூட்டாக நடத்துகின்றன என்பது அதன் வாதம். பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்து, தாங்கள் ஏற்கெனவே கைவிட நினைத்ததை மட்டும் விட்டுக்கொடுத்து, வேண்டியதையெல்லாம் வைத்துக்கொள்கிறார்கள் என்று பதினோரு வருசம் அந்த மேசையில் இருந்தவர் சொன்னார்.

1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலும் இதே கோளாறு. 1967க்கு முன்னால் வெடித்த ஐந்து நாடு வைத்துக்கொள்ளலாம், மற்றவன் தொடக்கூடாது. அணு ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்த வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. காலக்கெடு இல்லாத பிரிவு. ஐம்பதுகளில் ஸ்வீடனே அணுகுண்டு செய்ய ஆராய்ந்துகொண்டிருந்தது. ஆளுங்கட்சியின் பெண்கள் அமைப்பு எதிர்த்து நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு ஸ்வீடன் அந்த ஆசையை விட்டது.

இந்தியா கையெழுத்துப் போடவில்லை. இது பாகுபாடு என்றது. பொக்ரானுக்குப் பிறகு 1998இல் ஜஸ்வந்த் சிங் இன்னும் ஒரு படி போய், இது அணு நிறவெறி என்று அமெரிக்க இதழில் எழுதினார். மூன்றே வருசம் கழித்து, 2001இல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தது. தலித்துகள் அங்கே போய்ச் சாதியையும் சேர்த்துப் பேசுங்கள் என்றபோது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று அதே இந்திய அரசு மறித்தது. பிறப்பை வைத்துப் பிரிப்பது தப்பு என்ற வாதம் குண்டுக்குப் பொருந்தும், மனுசனுக்குப் பொருந்தாது போல.

*

ஆல்வாவின் நாட்டையும் விட்டுவிட முடியாது. நோபல் பரிசு வைத்த ஆல்பிரட் நோபல் தன் கடைசிக் காலத்தில் வாங்கிய ஆயுதக் கம்பெனியின் பெயர் போஃபர்ஸ். அந்தப் பெயரைத் தமிழ்நாட்டு டீக்கடையில் தெரியாதவர் கிடையாது. 1986 பிப்ரவரி 1இல் ஆல்வா இறந்தார். அதே மாதம் 28இல் பிரதமர் உலோப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். மார்ச் 24இல் 410 பீரங்கிகளுக்கு இந்தியா போஃபர்சோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு கையால் சமாதான ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் காசு கொடுத்த நாடு, மறு கையால் பீரங்கி விற்றது. லஞ்சம் கைமாறியது என்று 1987 ஏப்ரலில் முதலில் சொன்னதும் ஸ்வீடன் வானொலிதான்.

இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எந்தக் கூட்டணியிலும் சேராமல் இருந்த ஸ்வீடன், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபிறகு, 2024 மார்ச் 7இல் நேட்டோவில் சேர்ந்துவிட்டது. சிப்ரி எண்ணிக்கொண்டிருக்கிறது. 2024இல் உலகம் ராணுவத்துக்குச் செலவழித்தது 2,71,800 கோடி டாலர். இந்தியா 8,610 கோடி டாலரோடு ஐந்தாம் இடம். 2025 ஜனவரியில் உலகத்தில் 12,241 அணுகுண்டுகள். இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170. இந்த எண்களை நாம் இங்கே உட்கார்ந்து எழுத முடிகிறது என்பதே ஆல்வாவும் அவருடன் இருந்தவர்களும் விட்டுப்போன சொத்து.

ஆனால் அந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. சிப்ரியின் ஆயுத விற்பனைப் பட்டியலில் விமானம், கப்பல், டாங்கி, ஏவுகணை வரும். சாதாரணத் துப்பாக்கி வராது. முதல் ஆண்டுநூல் 1968ஐ ஒட்டிய கணக்கு. அந்த 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டார்கள். ஓடி ஒளிந்த குடிசையோடு 44 பேரைக் கொளுத்தினார்கள். சர்வதேசப் பாதுகாப்பு என்ற பேச்சில் அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடப்பதுதான் போர். ஊருக்கும் சேரிக்கும் இடையில் நடப்பது சட்டம் ஒழுங்கு.

*

ஆல்வாவின் வாழ்க்கையை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். 1934இல் அவர் இல்லாதவர்களை எண்ணினார். 1966இல் இருக்கிறவர்களை எண்ண ஒரு நிறுவனத்தை எழுப்பினார். இரண்டும் ஆராய்ச்சி, இரண்டும் புள்ளிவிவரம், இரண்டிலும் நல்லெண்ணம் இருந்தது. முதலாவது 63,000 உடம்புகளின் மேல் விழுந்த சட்டத்துக்குத் துணைபோனது. இரண்டாவது, வல்லரசுகள் பூட்டி வைத்ததைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆராய்ச்சி நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதைவிட, யார் யாரை எண்ணுகிறார்கள், எண்ணி முடித்த தாள் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த விதியைத்தான். ரகசியத்தைத் திருடப் போகவேண்டாம், வெளியில் கிடப்பதைப் பொறுக்கு. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். எத்தனை ஒப்படைத்தார்கள் என்று செய்தித்தாளில் வருகிறது. ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள், அதுவும் படமாகிறது. தேர்தலில் நிற்கிறவர் சொத்துக் கணக்குப் பிரமாணப் பத்திரத்தில் தன் துப்பாக்கியையும் எழுதுகிறார். இதையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தோம். உண்மை அறியும் குழுவின் படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: தாக்கிய தரப்பில் உரிமம் பெற்ற துப்பாக்கி எத்தனை?

போன மாசம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவைப் பார்த்து, "எண்ணிட்டோம்மா, உங்க ஊர்ல மூணு" என்றேன். நோட்டை வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எழுத்துத் தெரியாது. பெயர்களை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நாலு தம்பி. கெணத்து வீட்டுக்காரன விட்டுட்டீங்க. அவன் பரண்ல வச்சிருக்கான். நான் அந்த வீட்டுக்கு முப்பது வருசமா சாணி அள்ளப் போறேன்."

திருத்தி எழுதிக்கொண்டேன்.